காட்டில் விட்ட யானை ஏன் கோவைக்கு நடந்தது?

2023 பிப்ரவரி 5 அன்று, தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் ஒரு மக்னா யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். தந்தமில்லாத அந்த ஆண் யானை வயல்களுக்குள் இறங்கிப் பயிரை அழிக்கிறது என்பது புகார். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, 200 கி.மீ.க்கும் அப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாறு வனப்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். மழைக்காடு, வற்றாத ஓடைகள், மூங்கில் என்று யானைக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இரண்டு வாரத்தில் மக்னா காட்டை விட்டு இறங்கிவிட்டது. சேத்துமடை வழியாக வந்து, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடந்து, கிணத்துக்கடவைத் தாண்டி மதுக்கரையை அடைந்து, பிப்ரவரி 22 அன்று கோவை மாநகராட்சி எல்லைக்குள் குனியமுத்தூரில் நின்றது. மறுநாள் பேரூர்ப் பக்கம் மறுபடி ஊசி, மறுபடி லாரி. மேட்டுப்பாளையம் பக்கத்துக் காட்டில் விடுவதற்கு மக்கள் எதிர்ப்பு தெரிவிக்கவே, திரும்பவும் ஆனைமலைக்கே கொண்டுபோய் மானாம்பள்ளி வனச்சரகத்தில் விட்டார்கள். அதே ஆண்டு ஜூலை இறுதியில் பொள்ளாச்சியை அடுத்த சரளப்பதியில் மூன்றாவது முறையாகப் பிடித்து, சின்னக்கல்லாறு வனத்தில் விட வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நமக்குக் கைவந்த சொற்கள் இரண்டு: ஒன்று, அட்டகாசம், மற்றொன்று, வழி தவறிய யானை. முதல் சொல் யானையைக் குற்றவாளியாக்குகிறது, இரண்டாவது அதைப் பாவப்பட்ட குழந்தையாக்குகிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. தெரியாத நிலத்தில் இறக்கிவிடப்பட்ட ஒரு விலங்கு என்ன செய்ய வேண்டுமோ, அதைத்தான் மக்னா செய்தது. தான் இருக்கும் இடம் எது என்று தேடியது. தெரிந்த இடத்துக்கு அல்லது தெரிந்தது போன்ற இடத்துக்கு வழி பார்த்தது. தவறு நம் கணக்கில் இருக்கிறது. யானைக்குக் காடு என்றால் மரமும் தண்ணீரும்தான், எந்தக் காட்டில் விட்டாலும் அது காடுதானே என்று நினைத்துக்கொண்டு லாரி பிடிக்கிறோம். விலங்குகள் புது இடத்தை எப்படி அறிகின்றன என்று முக்கால் நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கும் அறிவு, இந்தக் கணக்கை ஏற்பதாக இல்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் 1948இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கலாம். எலி ஒரு புதிர்ப்பாதையில் ஓடக் கற்கும்போது இடது, வலது, மறுபடி இடது என்று திருப்பங்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, இடத்தின் ஒட்டுமொத்தப் படத்தையே மனத்தில் வரைகிறது என்று அவர் வாதிட்டார். அவருடைய முந்தைய சோதனைகளில் சில எலிகள் உணவு எதுவும் வைக்கப்படாத பாதைகளில் பல நாள் சும்மா திரிந்தன. பிறகு உணவு வைத்தவுடன், முதல் நாளிலிருந்தே உணவுக்காக ஓடிய எலிகளுக்குச் சமமாக அவை வழி கண்டன. சும்மா திரிந்த நாட்கள் வீணாகவில்லை, படம் வரையும் நாட்களாக இருந்திருக்கின்றன. இந்தப் படம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 1971இல் ஜான் ஓ'கீஃப் விடை கண்டார். எலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சில நரம்பணுக்கள், எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடித்தன. 2005இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இணையர், அறை முழுவதையும் சீரான வலைபோல அளந்து வைக்கும் வேறுவகை நரம்பணுக்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. யானையின் மூளையில் மின்முனை வைத்து இப்படி யாரும் பார்த்ததில்லை. ஆகவே யானைக்கும் இதே ஏற்பாடுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அதன் நடையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

லாரியில் ஏற்றிப்போய் விடுவது என்ற நம் செயலையே சிறிய உயிர்களிடம் விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள். துனீசியப் பாலைவனத்தில் ரூடிகர் வேனர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எறும்பு ஒன்று உண்டு. இரை தேடி வளைந்து வளைந்து வெகுதூரம் போகும். இரை கிடைத்ததும் நேர்கோட்டில் புற்றுக்குத் திரும்பும். போன திசைகளையும் தூரத்தையும் உள்ளுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே போவதால் இது முடிகிறது. தூரத்தை அடி எண்ணித்தான் அளக்கிறது என்பதை 2006இல் அதன் கால்களில் பொய்க்கால் ஒட்டியும், கால்களைக் குறைத்தும் காட்டினார்கள். பொய்க்கால் எறும்பு புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது, குட்டைக்கால் எறும்பு புற்றுக்கு முன்பே நின்று தேடியது. வீட்டுக்குத் திரும்பப்போகும் எறும்பைக் கையால் தூக்கி வேறிடத்தில் விட்டால், தூக்கியதையே அறியாததுபோல் அதே திசையில் அதே தூரம் நடந்து, புற்று இல்லாத மணலில் புற்றைத் தேடும். புறா அப்படி ஏமாறுவதில்லை. மூடிய கூடையில் வைத்து நூற்றுக்கணக்கான கி.மீ. கொண்டுபோய் விட்டாலும் கூட்டுக்கு வந்துவிடும் என்பது கோவையிலும் சென்னையிலும் பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்குத் தெரியும். போகும் வழியைக் கவனித்து வைத்துக்கொள்கிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 1973இல் சார்லஸ் வால்காட்டும் கிளாஸ் ஷ்மிட்-கோனிக்கும் மயக்க மருந்து கொடுத்துப் புறாக்களைக் கொண்டுபோனார்கள். தெளிந்து எழுந்த புறாக்களும் வீடு திரும்பின. சூரியனின் நிலை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை ஆகியவற்றைக் கலந்து, விடப்பட்ட இடத்திலிருந்தே வீட்டின் திசையை அவை கணிக்கின்றன. மயங்கிய நிலையில் கொண்டுபோவது இட அறிவை அழித்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை.

யானை எறும்பும் அல்ல, புறாவும் அல்ல. அதற்குத் தனியாக மூன்று வலிமைகள் உண்டு: நெடிய ஆயுள், மூப்பர்களிடம் கற்கும் சமூக வாழ்வு, மோப்பம். நமீபியாவின் எட்டோஷா பகுதி யானைகளின் ஜிபிஎஸ் தடங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வின்படி, அந்த யானைகள் பெரும்பாலும் மிக அருகில் உள்ள நீர்நிலையைத் தேர்ந்து அதை நோக்கி நேராக நடந்தன. சில வேளைகளில் கிட்டத்தட்ட 50 கி.மீ. தொலைவிலிருந்தே அந்த நடை தொடங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து குட்டையைக் காண முடியாது. நினைவில் இருந்தால்தான் உண்டு. தான்சானியாவின் தரங்கிரி பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்து ஒன்பது மாதத்தில் 81 குட்டிகளில் 16 இறந்தன. ஆனால் பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்களில் சாவு குறைவு. அந்தக் கூட்டங்களில் வயது முதிர்ந்த பெண் யானைகள் இருந்தன. 1958 முதல் 1961 வரை வந்த பழைய வறட்சியைக் கண்டிருக்கக்கூடிய வயது அவற்றுக்கு என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வெளியேறாத கூட்டத்தில் அத்தகைய கிழவிகள் வேட்டையில் போய்விட்டிருந்தன. இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. யானை தன் நிலத்தைப் பற்றி அறிந்தது பெரும்பாலும் அதன் தாயும் பாட்டியும் அறிந்ததன் தொடர்ச்சி. வேறொரு காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட தனி ஆணுக்கு அங்கே வழிகாட்டப் பாட்டி இல்லை.

ஆண் யானை பருவம் எய்தும்போது கூட்டத்தை விட்டுப் பிரிகிறது. பிரிந்ததும் தனியே அலைந்து கெட்டுப்போகிறது என்பது பழைய எண்ணம். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடக–தமிழ்நாட்டு வேளாண் நிலங்களை ஒட்டிய பகுதிகளில், இளம் ஆண்கள் நிலையான ஆண் குழுக்களாகச் சேர்ந்து வாழ்வதை நிஷாந்த் சீனிவாசய்யா, ராமன் சுகுமார், அனிந்தியா சின்ஹா ஆகியோர் 2019இல் பதிவு செய்தார்கள். பயிர் உள்ள ஆபத்தான நிலத்தில் எப்போது நுழைவது, எந்தப் பக்கம் வெளியேறுவது என்பதை மூத்த ஆண்களுடன் கூடித் திரிந்து இளையவை கற்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பாலக்கோடு இருக்கும் தருமபுரி–கிருஷ்ணகிரி நிலமும் இப்படிக் காடும் வயலும் பின்னிக் கிடப்பதுதான். அங்கே வளர்ந்த ஓர் ஆணின் மனப்படத்தில் ராகிக் கொல்லையும் ஏரியும் கரடும் தார்ச்சாலையும் உண்டு. மழைக்காடு அநேகமாக இருக்காது. மழைக்காட்டில் விட்டால் அது சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக மகிழும் என்று எதிர்பார்த்தது நாம்.

மக்னாவின் பிப்ரவரி நடையை நிலவரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். வரகளியாற்றிலிருந்து கோவை வடக்கே. தருமபுரி வடகிழக்கே. மக்னா நடந்தது பாலக்காட்டுக் கணவாயின் தமிழகப் பக்கத்து வாசல் வழியாக. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30, 40 கி.மீ. அகலத்துக்கு வாய் திறந்திருக்கும் இந்தக் கணவாய், யானைகளுக்கு நெடுங்காலமாக ஒரு வேலி. டி.என்.சி. வித்யா, சுகுமார் உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, கணவாய்க்கு வடக்கே நீலகிரி சார்ந்த யானைகளும் தெற்கே ஆனைமலை யானைகளும் வேறுபட்ட கூட்டங்கள் என்று காட்டியது. வடபுறத்து யானையைப் பிடித்துத் தென்புறத்தில் விட்டபோது, தலைமுறை தலைமுறையாக யானைகள் அரிதாகவே கடந்த ஓர் எல்லையை நாம் லாரியில் கடந்தோம். திரும்பி வரும்போது யானை அதைக் காலால் கடந்தது. அது வீட்டை நோக்கித்தான் வந்தது என்று ஒரே ஒரு நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். திசை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஒருவேளை வீட்டைத் தேடாமல், வீடு போன்ற நிலத்தைத் தேடியிருக்கலாம். எப்படியானாலும் அது உள்ளே தங்கியிருக்க வாய்ப்பில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. மனப்படமும் கிடையாது, நினைவும் கிடையாது, வாழையும் கரும்பும் மக்காச்சோளமும் ருசித்த நாக்கு திரும்பத் திரும்பக் கேட்கிறது, அவ்வளவுதான் என்பார்கள் விவசாயிகள். அவர்கள் கையில் சின்னத்தம்பி என்ற நல்ல சாட்சியும் இருக்கிறது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் மக்கள் பெயரிட்டுப் பழகிய அந்த யானையை 2019 ஜனவரி 25 அன்று பிடித்து, இதே வரகளியாற்றில்தான் விட்டார்கள். ஒரே வாரத்தில் வெளியே வந்தது. ஆனால் வடக்கே தடாகத்துக்குப் போகவில்லை. கிழக்கே உடுமலைப் பக்கம் திரும்பி, கிருஷ்ணாபுரம் அமராவதி சர்க்கரை ஆலை, கண்ணாடிப்புத்தூர் என்று கரும்புக்காட்டில் தங்கிவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் பிப்ரவரி 15 அன்று பிடித்துக் கரால் என்ற மரக்கூண்டில் அடைத்து, பழக்கிய யானையான கும்கியாக்கினார்கள். பின்னாளில் காட்டு யானைகளைப் பிடிக்கும் பணிக்கே அது போய்வந்தது. சின்னத்தம்பி வீடு தேடவில்லை, கரும்பு தேடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கரும்பு எங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே. முன்பின் அறியாத மலையிலிருந்து இறங்கி, சில நாட்களில் காடு முடிந்து வயல் தொடங்கும் விளிம்பைக் கண்டுபிடித்து, பகலில் மறைந்து நிற்க உயரமான பயிரும் பக்கத்தில் தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்துத் தங்கியது. ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000 மோப்ப மரபணுக்கள் இருப்பதாக 2014இல் கணக்கிட்டார்கள். நாயைவிட இது இரு மடங்கு. ஆசிய யானையும் அந்தக் குடும்பம்தான். பசி யானையைக் கிளப்பியிருக்கலாம், ஆனால் நடத்திச் சென்றது கற்ற அறிவு. அந்த அறிவை மயக்க ஊசி அழிப்பதில்லை என்பதால்தான், இடம் மாற்றினாலும் பயிர் மேயும் பழக்கம் கூடவே வந்து சேர்கிறது. புதிய ஊரின் விவசாயிக்கு அந்த யானையின் வழக்கம் தெரியாது, யானைக்கும் அந்த ஊரின் வழக்கம் தெரியாது. பழைய ஊரில் இருந்ததைவிட ஆபத்து கூடுதல்.

இரண்டு யானைகளை வைத்து இவ்வளவு பேசலாமா என்றால், இலங்கையில் விரிவான ஆதாரம் கிடைக்கிறது. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் சக ஆய்வாளர்களும் அங்கே நடந்த 16 இடமாற்றங்களை ஜிபிஎஸ் காலர் கொண்டு தொடர்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லா யானைகளும் தேசியப் பூங்காக்களுக்குள்தான் விடப்பட்டன. இரண்டு யானைகள் பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை அனைத்தும் பூங்காவை விட்டு வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின, சில பரந்த நிலத்தில் அலைந்துகொண்டே இருந்தன, சில புதிய இடத்தில் விரைவிலேயே தங்கிவிட்டன. மோதல் குறையவில்லை, புதிய ஊர்களுக்குப் பரவியது, யானைச் சாவும் கூடியது என்பதே அவர்கள் கண்ட விளைவு. அந்த வகைப்பாட்டில் நம் மக்னாவையும் சின்னத்தம்பியையும் சிரமமில்லாமல் பொருத்திவிடலாம். இங்கே சின்னத்தம்பியின் லாரி கிளம்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் அச்சாகியிருந்த பாடம் இது. பந்தலூரில் பிடிபட்ட இன்னொரு மக்னாவின் கதையும் வேறில்லை: 2022 டிசம்பரில் முதுமலைக்குள் விட்டார்கள், 2023 ஜனவரியில் வயநாட்டின் சுல்தான் பத்தேரி நகரத் தெருவில் நின்றது.

மனிதர்கள் மட்டும் புது இடத்தில் வேறு வகையாக வழி கண்டுபிடிக்கிறார்களா? அன்னூரிலோ காங்கேயத்திலோ வழி கேட்டால் இன்றைக்கும் மூத்தவர்கள் ‘மேக்கால போயி, இட்டேரி முடியற எடத்துல வடக்கால திரும்பு’ என்பார்கள். கிளுவை வேலிகளுக்கு நடுவே தோட்டங்களை இணைத்து ஓடும் இட்டேரிகள் நேராக இருப்பதில்லை. திசை தப்பாமல் நடக்க, சூரியனும் ஏதோ ஒரு மலையும் மனத்தில் இருந்தாக வேண்டும். தமிழ் பேசும் கிராமத்தவர் திசைகளைக் கொண்டும் நகரத்தவர் இடது வலது கொண்டும் இடத்தைச் சொல்வதை 1990களின் தொடக்கத்தில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் பதிவு செய்தார். பொருள்களை நினைவில் வைத்து அடுக்கச் சொன்னபோதும் அந்த வேறுபாடு வெளிப்பட்டது. 2022இல் 38 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 4 லட்சம் பேர் கைபேசியில் விளையாடிய ஒரு வழிதேடும் விளையாட்டின் தரவுகளை ஆராய்ந்தபோது, கட்டம் கட்டமாகத் தெரு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்களைவிட நகருக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டது தெரிந்தது. லண்டன் சோஹோ தெருக்களைத் திரையில் காட்டி 2017இல் நடத்திய மூளைப்பட ஆய்வில், தானாக வழி தேடியவர்களின் ஹிப்போகாம்பஸ் புதிய தெருவில் நுழையும்போது விழித்துக்கொண்டது. ஜிபிஎஸ் சொன்னபடி நடந்தவர்களிடம் அது பேசாமல் கிடந்தது. வளர்ந்த நிலமும் தேடி நடந்த அனுபவமும்தான் இட அறிவை உருவாக்குகின்றன. மனிதனுக்கு இவ்வளவு ஆதாரம் காட்டிவிட்டு, யானையை மட்டும் எங்கே வைத்தாலும் வேர் பிடிக்கும் கிளுவைக் குச்சி போல நடத்துவதில் நியாயமில்லை.

புது நிலத்தில் மனிதனுக்கு இன்னொரு துணையும் உண்டு: முன்னே போனவர்கள் விட்டுச்சென்ற அடையாளம். அதியமான் பெருவழி என்ற பழைய சாலையில் தருமபுரிப் பக்கம் கிடைத்த இடைக்கால மைல்கல் ஒன்றில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் பொறித்து, எழுத்தறியாதவருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். யானைக்குத் தடமே மைல்கல். தலைமுறையாக நடந்து தேய்ந்த சரிவு, சாண வாசனை, உரசி வழவழப்பான மரம், ஓடையின் கரை. கோவையின் மேற்கு விளிம்பில் நாம் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவருவது இந்தக் குறிகளை அழிக்கும் வேலை. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டி ஓடைகளின் போக்கையே மாற்றிய செங்கல் சூளைகள் நூற்றெண்பதுக்கும் மேல். 2021இல்தான் அவற்றை மூடினார்கள். மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே ரயில் பாதை யானைத் தடத்தை வெட்டிப் போகிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. அதன் பிறகுதான் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புக் கோபுரங்கள் வந்தன, 2024 பிப்ரவரியில். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றில் மலைக்கும் பவானிக்கும் நடுவே யானைக்கு மிஞ்சியிருப்பது ஒரு குறுகிய சந்து. இப்படிக் குறி அழிந்த நிலத்தில் தன் வழியைத் தேடும் யானையைப் பார்த்துத்தான் ஊருக்குள் புகுந்துவிட்டது என்கிறோம்.

இடமாற்றம் ஒரு முறைகூட வெற்றி பெறவில்லையா என்று கேட்பவர்கள் அரிக்கொம்பனைக் காட்டுவார்கள். கேரளத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்ட அந்த யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்கோதையாறு பகுதியில் விட்டது. அதன் பிறகு கம்பம் போல ஒரு களேபரம் இல்லை என்பது உண்மை. செப்டம்பரில் மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் வரை அது வந்து போனதும் உண்மை. ஆனால் கோதையாறு மலையிலிருந்து வயல்வெளிக்கு இறங்க வேண்டிய தூரமும் சரிவும் அதிகம், நடுவில் ஊர்கள் குறைவு. அங்கே தேடித் திரிந்தாலும் பல வாரம் காட்டுக்குள்ளேயே திரியலாம். வரகளியாறு அப்படியல்ல, இரண்டு இரவு நடந்தால் தென்னந்தோப்பு. அரிக்கொம்பன் விஷயத்தில் கைகொடுத்தது நிலத்தின் அமைப்பு. கோதையாறு போன்ற இடங்கள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கின்றன? பிடிபடும் ஒவ்வோர் ஆணையும் கொண்டுபோய் அங்கேயே நிறைத்தால், அங்கிருக்கும் யானைகளின் கதி என்ன?

சரி, பயிர் இழந்தவனும் ஆளை இழந்த குடும்பமும் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யானையின் நினைவாற்றலைப் புகழ்வது வீண் பேச்சு. 220 சதுர கி.மீ. பரப்புள்ள வால்பாறைத் தேயிலைப் பீடபூமியில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் யானை அருகில் இருப்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள் என்று ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் மற்ற ஆய்வாளர்களும் கண்டார்கள். யானைக்கு எங்கே ஆள் இருக்கிறது என்று தெரிகிறது, ஆளுக்கு எங்கே யானை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆகவே ஆளுக்குச் சொல்லும் வேலையைத் தொடங்கினார்கள். யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக, குரல் அழைப்பாக, உள்ளூர் டிவியில் ஓடும் வரியாக அனுப்பினார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்து, அதைக் கைபேசியிலிருந்து இயக்கும் பொறுப்பை எஸ்டேட் மக்களிடமே கொடுத்தார்கள். உயிரிழப்பு குறைந்தது, 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. யானையின் வரைபடத்தை மாற்ற முயலாமல், மனிதர் கையில் அந்த வரைபடத்தின் ஒரு நகலைக் கொடுத்த திட்டம் என்று இதைச் சொல்லலாம்.

தடாகத்து வாழை விவசாயிக்கு இது முழுப் பதில் ஆகாது. தேயிலையை யானை தின்பதில்லை, வாழையைத் தின்னும். சிவப்பு விளக்கு உயிரைக் காக்கும், தாரைக் காக்காது. அறுவடைக் காலத்தில் ஊரே சேர்ந்து போட்டுக் கழற்றும் தற்காலிக வேலி, தாமதமில்லாமல் கைக்கு வரும் இழப்பீடு, காட்டோரத்து முதல் வரிசைத் தோட்டங்களில் பயிர் மாற்றத்துக்கு உண்மையான விலை ஆதரவு, இவை மூன்றும் கூடவே வேண்டும். செலவாகும்தான். ஒரு யானையை மூன்று முறை பிடிப்பதற்கான கும்கி, மருத்துவர், பொக்லைன், லாரி, நூற்றுக்கணக்கான பணியாளர் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்களைத் தொடர்ந்து கொன்றுவரும் ஒரு யானையை அகற்றத்தான் வேண்டும் என்ற நிலையும் வரும். அப்போது அதைக் கராலுக்கு அனுப்புவது இன்னொரு காட்டோர ஊருக்கு அனுப்புவதைவிட நேர்மையானது. யானைக்கு அது கொடுமைதான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

2024இல் தமிழக அரசு வெளியிட்ட வரைவு அறிக்கை 42 யானை வழித்தடங்களை அடையாளம் கண்டது. கூடலூர்ப் பக்கம் உடனே போராட்டம் எழுந்தது, வரைபடத்தில் தங்கள் வீடு வந்துவிட்டதே என்று. கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோடுகள் எந்தத் தரவிலிருந்து வந்தன, எந்த யானை எந்த மாதத்தில் அந்த வழியாகப் போனது என்று கண்ணால் பார்க்க முடிந்தால்தான் வீட்டுக்காரர் பேச உட்காருவார். இடமாற்றம் செய்து கழுத்தில் காலர் மாட்டிய ஒவ்வொரு யானையின் தடமும் வனத்துறையின் கணினிக்குத்தான் வந்து சேர்கிறது. சில மாதத் தாமதத்தோடு, வேட்டைக்காரர்களுக்கு உதவாத அளவுக்குத் துல்லியத்தைக் குறைத்து, அவற்றை ஆனைகட்டி சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் போன்ற நிறுவனங்களுக்கும் கிராம சபைகளுக்கும் கொடுக்கலாம். வரகளியாற்றிலிருந்து குனியமுத்தூர் வரை மக்னா எந்தெந்த இரவில் எங்கே நின்றது, எங்கே வேகம் பிடித்தது, எந்தத் தோப்பில் தயங்கித் திரும்பியது என்பது அந்தத் தரவில் இருக்கும். அடுத்த மயக்க ஊசிக்கான கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி முதலில் விரித்துப் பார்க்க வேண்டிய காகிதம் அதுதான்.